ஒரு கை தூரம்

(குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குதிரையைக் கண்டதும் நம் கை முதலில் அதன் மூக்குக்குத்தான் போகிறது. மெரினாவில் பாருங்கள், ஊட்டிப் படகு இல்லத்தின் வாசலில் பாருங்கள், கொடைக்கானல் ஏரிக்கரையில் பாருங்கள். அப்பா குழந்தையைத் தூக்கிவந்து குதிரையின் முகத்துக்கு நேராக நீட்டி, "தொடும்மா, ஒண்ணும் பண்ணாது" என்பார். குதிரை தலையைச் சட்டென்று உயர்த்தும். அவர் இன்னும் ஓரடி நெருங்குவார். அன்போடுதான் செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலையை உயர்த்தியதன் மூலம் குதிரை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை வாசிக்க நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மாடு, ஆடு, நாய், கோழி என்றால் நம் ஊர்க் குழந்தைகளுக்குப் பாலோடு வந்த பழக்கம். குதிரையைக் கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் பார்த்திருக்கிறோமே தவிர, வீட்டுத் தொழுவத்தில் கட்டி வளர்த்தவர்கள் குறைவு.

இது இன்று நேற்றைய நிலைமையும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபுக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொன் கொடுத்துக் குதிரை வாங்குவது ஒன்று, குதிரையோடு பழகத் தெரிவது வேறொன்று என்பதை அந்தக் குறிப்பு நன்றாகவே காட்டுகிறது.

இன்று இரண்டு விஷயங்களைப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். குதிரையைப் பாதுகாப்பாகத் தடவிக் கொடுப்பது எப்படி; ஆளை முட்டித் தள்ளும், சட்டையைக் கவ்வும், பையைக் குடையும் குதிரையைத் திருத்துவது எப்படி. எனக்கு இவை இரண்டும் ஒன்றுதான். குதிரை நம்மைத் தள்ளுவதற்கு நாமேதான் சொல்லிக் கொடுக்கிறோம், அதுவும் பெரும்பாலும் அதைக் கொஞ்சும் நேரத்தில். நம் கை தீனி நீட்டிச் சொல்லிக் கொடுக்கிறது. நம் கால் பின்வாங்கிச் சொல்லிக் கொடுக்கிறது. ஆகையால் குதிரையைத் திருத்துவதற்கு முன் நம் கையையும் காலையும் கவனிப்போம்.

முதலில் கை. அதைக் குதிரை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய 350 டிகிரி அளவுக்கு அதனால் சுற்றிலும் பார்க்க முடியும். புல் மேய்ந்துகொண்டே பின்னால் பதுங்கி வரும் வேட்டை விலங்கைக் கண்டுபிடிக்க அமைந்த கண் அது. ஆனால் இரண்டு இடங்கள் அதற்குத் தெரியாது: நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் இருக்கும் சிறு பகுதி ஒன்று, வாலுக்கு நேர் பின்னால் இன்னொன்று. நாம் ஆசையாக மூக்கை நோக்கிக் கை நீட்டும்போது, கிட்டே வரவர அந்தக் கை குதிரையின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. பிறகு எங்கிருந்தோ வந்து மேலே படுகிறது. தலையை உயர்த்தாமல் அது வேறு என்ன செய்யும்?

கண்ணால் பார்க்க முடியாத அந்த இடத்தில் அதற்கு உதவுவது மீசை மயிர். உதட்டைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முரட்டு மயிரின் வேரில் நரம்புகள் நிறைந்திருக்கின்றன. அழகுக்காக அதை மழிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மழித்த குதிரைகள் தன் போட்டிகளில் பங்கேற்கக் கூடாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. அவ்வளவு நுட்பமான உறுப்பைத்தான் நாம் போகிற போக்கில் பிசைகிறோம்.

அப்படியானால் எங்கே தொடுவது? முதலில் குதிரைக்காரரிடம் கேளுங்கள், "அண்ணே, தொடலாமா?" என்று. கேட்காமல் எந்தக் குதிரையையும் தொடாதீர்கள். பிறகு, தோள்பட்டையைப் பார்த்து, பக்கவாட்டில் சாய்வாக, பேசிக்கொண்டே நடந்து வாருங்கள். என்ன பேசுகிறீர்கள் என்பது முக்கியமில்லை, குரல் கேட்க வேண்டும். இரண்டு எட்டு முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். கையைத் தளர்வாக மடக்கி, பின்புறத்தை நீட்டுங்கள். அது கழுத்தை நீட்டி முகர்ந்தால் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான். இன்று வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். காது பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டினால், மூக்கு சுருங்கினால், வால் சுளீர் சுளீரென்று அடித்தால், பின்காலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு உடம்பு விறைத்தால், அங்கேயே நில்லாமல் விலகிவிடுங்கள். காது தளர்ந்து, தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கினால் அது நிம்மதியாக இருக்கிறது. அந்தியூர்ச் சந்தையில் பார்க்கிற மார்வாடி, கத்தியவாடி இனங்களுக்குக் காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருக்கும். பழகாத கண்ணுக்கு அந்தக் காதை வாசிப்பது சற்றுச் சிரமம். அங்கே வாலையும் மூக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

முகர்ந்து முடித்ததும் கையைத் தோளுக்கு, அங்கிருந்து கழுத்தின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். கழுத்து முதுகோடு சேருகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டுக்கு முன்னால், பிடரி மயிர் முடிகிற இடத்தில், விரல் நுனிகளால் சொறிந்து கொடுங்கள். தட்டாதீர்கள். போட்டியில் வென்றவர்கள் குதிரையின் கழுத்தில் பட் பட்டென்று அறைவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எந்தக் குதிரையும் இன்னொரு குதிரையைத் தட்டிப் பாராட்டுவதில்லை. நட்பான இரண்டு குதிரைகள் தலைமாடு கால்மாடாகப் பக்கத்தில் நின்று, ஒன்றன் கழுத்தடியை மற்றது பல்லால் கரண்டிக் கொடுக்கும். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளில் க்ளோடியா ஃபே, ஜான் த மஸியேர் என்ற இருவர் இதைச் சோதித்து 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்தடியில் அந்த விருப்பமான இடத்தில் கையால் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. வேறிடத்தில் சொறிந்தபோது அப்படிக் குறையவில்லை. ஆக, எங்கே தொடுகிறோம் என்பது நம் விருப்பமாக இருக்கக் கூடாது. குதிரை தன் தோழமைக்கென்று வைத்திருக்கும் இடம் அது, அங்கே தொடுவோம்.

இங்கேதான் முதல் சிக்கல் வரும். நன்றாகச் சொறிந்து கொடுத்தால் குதிரையின் மேலுதடு நீண்டு துடிக்கும். கொஞ்ச நேரத்தில் அது கழுத்தைத் திருப்பி உங்களுக்கும் கைமாறு செய்யப் பார்க்கும், பல்லால். அதன் தோழனின் தோலுக்கு அது இதம். உங்கள் தோளுக்கு அது கன்றிப்போன காயம். அதைக் கடி என்று சொல்லி அடித்துவிட்டால் அன்பாக நடந்ததற்குத் தண்டனை கொடுத்ததாக ஆகும். வாய் உங்களை நோக்கித் திரும்பத் தொடங்கும்போதே மறு கையால் அதன் கன்னத்தை மெல்ல நேராக்குங்கள். தலை நேராக இருக்கும் வரை சொறிதல் தொடரும், திரும்பினால் நின்றுவிடும். சில நாளில் அதுவே கழுத்தை நேராக வைத்துக்கொண்டு கண் சொருக நிற்கும். தடவிக்கொண்டே எல்லையும் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்தது நம் கால். அதற்கு முன் ஒரு பழைய கதை. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதற்குக் கூட்டல் கழித்தல் கற்றுக் கொடுத்ததாக நம்பினார். கேள்வி கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஊரே திரண்டது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் பொறுமையாகச் சோதித்து 1907-இல் உண்மையைக் கண்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்பவரின் தலை மயிரிழை அளவுக்கு நிமிர்ந்தது, குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிட்டது. கேட்டவருக்கே தம் தலை அசைந்தது தெரியாது. ஃபான் ஓஸ்டனும் யாரையும் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியாது. இந்தச் செய்தியை ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது என்று சொல்லி முடிப்பவர்கள் உண்டு. நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: நாம் அறியாமல் செய்யும் அசைவைக்கூடக் குதிரை படித்துவிடுகிறது.

இப்போது முட்டும் குதிரையை நினைத்துப் பாருங்கள். அது தோளால் உங்கள் பக்கம் ஓரடி சாய்கிறது. நீங்கள் பேச்சு சுவாரசியத்தில் ஓரடி நகர்ந்துகொள்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. அதன் கணக்கில், சாய்ந்தேன், வழி கிடைத்தது. அடுத்த முறை கொஞ்சம் அழுத்திச் சாயும். 450 கிலோ எடையுள்ள உடம்பு, ஒரு மாதத்தில் ஆளைச் சுவரோடு அழுத்தும் பழக்கத்துக்கு வந்துவிடும். குதிரைக்குத் திமிர், நம்மை ஆளப் பார்க்கிறது, முதலாளி யாரென்று காட்ட வேண்டும் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. அது குதிரையோடு பகையை வளர்க்கும், கையில் சாட்டையைக் கொடுக்கும். குதிரை செய்தது வெறும் கற்றல். கற்றதை மாற்றிக் கற்கவும் அதனால் முடியும்.

மாற்றும் முறை எளிது, ஆனால் நேரம் தவறக் கூடாது. முகக்கயிறு கட்டிய குதிரையின் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் கையை முழுதாக நீட்டினால் எவ்வளவு தூரமோ அது உங்கள் இடம். நீங்கள் அழைக்காமல் குதிரை அதற்குள் வரக் கூடாது. வந்தால் உங்கள் கால் நகராமல் இருக்கட்டும். அதன் மார்பில், தோள் எலும்பின் முனைக்கருகில், விரல்களால் லேசாக அழுத்துங்கள். அசையவில்லையா? அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். குத்த வேண்டாம், கத்த வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஒரு குளம்பு பின்னால் போனதும் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். அழுத்தத்தால் குதிரை கற்பதில்லை, அழுத்தம் நீங்கும் நொடியில்தான் கற்கிறது. இரண்டு நொடி தாமதித்து எடுத்தால் அது எதைச் செய்ததால் விடுதலை கிடைத்தது என்று அதற்குப் புரியாது. பின்னால் போய் அமைதியாக நிற்கிறதா, இப்போது நீங்கள் அதன் அருகே போய்க் கழுத்தடியைச் சொறிந்து கொடுங்கள். குதிரை உங்களிடம் வந்து பிடுங்குவதற்கும், நின்ற இடத்துக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சவாரி முடிந்து கடிவாளத்தைக் கழற்றியதும் பல குதிரைகள் வியர்த்த நெற்றியை நம் மார்பில் வைத்துத் தேய்க்கும். பார்க்கிறவர்கள் "எவ்வளவு பாசம்!" என்பார்கள். அதற்கு அரிக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தலையின் ஒரு தேய்ப்பு பத்து வயதுப் பிள்ளையைக் கீழே தள்ளப் போதும். அரிப்பைத் தீர்ப்பது நம் கடமைதான். ஈரத் துணியால் நெற்றியையும் காதடியையும் துடைத்துவிடுங்கள், நீங்கள் நிற்கிற இடத்தில், அதன் தலை அசையாமல் இருக்கும்போது. நம்மைத் தேய்க்கும் கம்பமாக ஆக்கிக்கொள்ள மட்டும் விடாதீர்கள்.

இனி கைத்தீனி. கேரட், வெல்லக்கட்டி, வாழைப்பழத் தோல், பிஸ்கட். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன், பழகுநர் யாரும் கையால் ஊட்ட வேண்டாம். தின்பண்டத்தைத் தொட்டியில் போடுங்கள், வாளியில் போடுங்கள். குதிரைக்கு ருசி அதேதான். கையிலிருந்து உணவு வருகிறது என்று தெரிந்த குதிரை கையைத் தேடும், கையில் இல்லாவிட்டால் பையைத் தேடும், அடுத்துச் சட்டையைக் கவ்வும். நீங்கள் ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை பாவம் பார்த்துக் கொடுத்தால் பழக்கம் தளராது, இன்னும் இறுகும். எப்போதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அவ்வளவு பலம். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் மட்டக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. வருகிறவர்கள் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டியதில் அவை சாலையோரம் கூடி, அடுத்து வருகிறவர்களையும் மறித்து முட்டத் தொடங்கின. வண்டியில் அடிபடும் ஆபத்து வேறு. 2023 ஜூலையில் அங்கே அவற்றுக்குத் தீனி கொடுப்பதும் தொட்டுக் கொஞ்சுவதும் அபராதத்துக்குரிய குற்றமாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தீவின் வெட்டவெளிகளில் காட்டுக் குதிரைகள் மேய்கின்றன. படம் எடுக்க அவற்றைத் துரத்தாதீர்கள், பிஸ்கட் பொட்டலத்தை நீட்டாதீர்கள். தூரத்திலிருந்து பாருங்கள், அதுவே நாம் அவற்றுக்குச் செய்யும் உபகாரம்.

கவ்வ வரும் குதிரையின் மூக்கில் ஒன்று போடு, தானாக அடங்கும் என்று லாயத்தில் யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். முகத்தில் அடி வாங்கிய குதிரை அடுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள்: கையைத் தூக்கினாலே தலையை வெட்டி இழுக்கும், கடிவாளம் மாட்ட விடாது, காதைத் தொட விடாது. இளம் ஆண்குதிரைக்கு அதுவே விளையாட்டாகிவிடும். கவ்விவிட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும், மறுபடி கவ்வும். அடித்துப் பெறும் பலன் ஒன்றுமில்லை. வாய் எட்டும் இடத்தில் நிற்காமலிருப்பதும், வந்தால் பின்னால் அனுப்புவதும், வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் அதையே செய்வதும்தான் பலன் தரும். தாத்தா மட்டும் இரகசியமாகக் கையில் வெல்லம் ஊட்டினால் மற்ற நால்வரின் உழைப்பும் வீண்.

குட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய குதிரைகளின் பல கோளாறுகள் அங்கேதான் முளைவிடுகின்றன. குதிரைக் குட்டி துள்ளி வந்து முன்னங்காலைத் தூக்கி நம் மேல் வைக்கும்போது சிரிக்காதவர் யார்? கைபேசியில் படம் எடுப்போம், வால்மாட்டில் சொறிந்து கொடுப்போம், அது பின்பக்கத்தை நம்மேல் சாய்த்துக்கொள்ளும். பிறக்கும்போது ஐம்பது கிலோ அளவில் இருக்கும் குட்டி இரண்டு வயதில் ஆளை மிதித்துக் கொல்லும் எடைக்கு வந்துவிடும். அப்போதும் அது அதே விளையாட்டைத்தான் ஆடும், நாம்தான் அதை அடங்காப்பிடாரி என்போம். கூட்டத்தில் வளரும் குட்டிக்கு இந்த ஆபத்து குறைவு. எல்லை மீறினால் தாயும் மூத்த பெட்டைகளும் காதை மடக்கிக் காட்டும், நகரச் செய்யும், தேவைப்பட்டால் ஒரு கடி வைக்கும், அடுத்த நிமிடம் பக்கத்தில் மேய விடும். தாயை இழந்து புட்டிப்பாலில் தனியே வளர்ந்த குட்டிக்கு அந்தக் கல்வி கிடைப்பதில்லை. மனிதரைத் தன் இனமென்று எண்ணி மனிதரோடு குதிரையைப் போலவே மல்லுக்கட்டும். அப்படிப்பட்ட குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாதுவான ஒரு பெரிய குதிரையோடு சேர்த்து விடுவது.

முட்டுவதெல்லாம் பழக்கக் கோளாறும் அல்ல. நேற்றுவரை அமைதியாக இருந்த குதிரை இன்று சேணம் போடும்போது திரும்பிக் கடிக்க வந்தால், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதுகில் புண் இருக்கலாம், வயிற்றில் புண் இருக்கலாம், பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்திருக்கலாம். பசியும் இருக்கலாம். குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் விலங்கு. அதன் இரைப்பை சிறியது, அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் கொள்ளு, மாலையில் கொள்ளு, நடுவில் வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்கிறது என்றால் அது வாளியைப் பார்த்துப் பாயத்தான் செய்யும். அதற்கு வேண்டியது பயிற்சி அல்ல, வைக்கோலோ பச்சைப்புல்லோ எப்போதும் வாய்க்கெட்டும் இடத்தில் இருப்பது. கடற்கரையில் குதிரை வைத்துப் பிழைக்கும் நண்பர்களிடம் நான் இதைத்தான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நிழலும் தீவனமும் தண்ணீரும் கிடைத்த குதிரை வாடிக்கையாளரின் கையைக் கவ்வ வருவது குறையும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம், மேளம், நெருக்கமாகக் கட்டிய ஆண்குதிரைகள், அக்கம்பக்கத்தில் பெட்டைகள். அங்கே எந்தச் சாதுக் குதிரைக்கும் மனம் ஒரு நிலையில் இருக்காது. இரண்டு குதிரைகளுக்கு இடையே நுழைந்து போகாதீர்கள். கயிற்றுக்கு அடியில் குனிந்து போகாதீர்கள். பின்னால் போக வேண்டுமானால் மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் போங்கள். குழந்தை குதிரையைப் பார்க்கும்போது நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். செருப்போடு குதிரையிடம் போகவே வேண்டாம், காலை மூடிய கனத்த காலணி வேண்டும். கயிற்றைப் பிடிக்கக் கொடுத்தால் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு கையையும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குளம்பைப் பார்க்கக் குனியலாம், தரையில் உட்காரக் கூடாது.

ஒருவேளை கடித்துத் தோல் கிழிந்துவிட்டால், மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, குதிரைக்கும் வரும். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குதிரை நிற்கிற மண்ணிலும் சாணத்திலும் இசிவுநோய்க் கிருமி இருக்கும் என்பதால் டெட்டனஸ் ஊசியையும் நினைவுபடுத்துங்கள்.

கடைசியாக, குதிரையை மேய்ச்சலுக்கு விடும் நேரம். வேலை முடிந்தது என்று நாம் கவனம் தளர்வது அப்போதுதான். வாயிலைத் திறந்ததும் அது முண்டியடித்து முன்னே ஓடினால் கூடவே ஓடாதீர்கள். நிறுத்தி, இரண்டடி பின்னால் அனுப்பி, அமைதியானதும் நீங்கள் முதலில் நுழையுங்கள். உள்ளே போனதும் குதிரையை முழுதாகச் சுற்றித் திருப்பி, அதன் முகம் வாயிலையும் உங்களையும் பார்க்கும்படி நிறுத்துங்கள். வாயிலைச் சாத்துங்கள். கழுத்தடியைக் கொஞ்சம் சொறிந்து கொடுத்து, தலை தாழ்ந்த பிறகு முகக்கயிற்றைக் கழற்றுங்கள். விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் குதிரை திரும்பிப் பின்னங்காலை வீசி உதைத்துக்கொண்டு ஓடும், அது யாரையும் குறிவைத்து அல்ல. முகம் உங்கள் பக்கம் இருந்தால் அது திரும்பி ஓடுவதற்குள் நீங்கள் இரண்டு எட்டு பின்னால் போயிருப்பீர்கள், உதை காற்றில் போகும்.